பழைய கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் இன்ஜினின் பெயரைக் கேளுங்கள்

மாருதி ஸ்விஃப்ட் டீசல், டாடா இண்டிகா விஸ்டா குவாட்ராஜெட், ஃபியட் புன்டோ டீசல். மூன்று கம்பெனிகள், மூன்று கார்கள். பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒரே இன்ஜின்தான்: ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட். மாருதி அதை டிடிஐஎஸ் என்றது, டாடா குவாட்ராஜெட் என்றது. அந்த இன்ஜினுக்கு வரும் வியாதி மட்டும் மூன்று காரிலும் ஒன்றே.

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பெயின்ட், டயர், ஓடிய கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர் என்று விசாரிப்பார்கள். விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் டயர் தேய்ந்திருந்தால் கடையில் விலை கேட்டு, அதைப் பேரத்தில் கழித்துக்கொள்ளலாம். இன்ஜின் வேலை எவ்வளவு இழுக்கும் என்பது அதைப் பிரித்த பிறகுதான் தெரியும். ஒரே ஒரு வசதி நமக்கு உண்டு. லட்சக்கணக்கான வண்டிகளில் ஓடிய இன்ஜின் எந்த இடத்தில் படுக்கும் என்பது, அதைத் தினமும் பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு அத்துப்படி. அதை நாமும் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

2016இல் என் மாமா ஒரு புரோக்கரிடம் இதே இன்ஜின் உள்ள 2011 மாடல் மாருதி டிசையர் டீசல் வாங்கினார். கூடப் போனது நான். பதினொரு மணிக்குப் போனோம். வண்டி பளபளவென்று நின்றது, பானெட் சூடாக இருந்தது. "இப்பத்தானுங்க வாட்டர் வாஷ் பண்ணி எடுத்துட்டு வந்தோம், பஞ்சு மாதிரி ஓடும், கேட்டுப் பாருங்க" என்றார் புரோக்கர். பஞ்சு மாதிரிதான் ஓடியது. நான்கு மாதம் கழித்து அவிநாசி தாண்டியதும் வண்டி நடுரோட்டில் நின்றது. வால்வுகள் நேரத்துக்குத் திறந்து மூடக் காரணமான டைமிங் செயின் நழுவி, வால்வுகளை அழுத்தும் ராக்கர் ஆர்ம்கள் உடைந்திருந்தன. வாங்கிய மறுநாள் காலையிலிருந்தே ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு மூன்று விநாடி கலகலவென்று சத்தம் வந்ததாக மாமா அப்போதுதான் சொன்னார். டீசல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருக்கிறார். இந்த இன்ஜினில் கைபழகிய எந்த மெக்கானிக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்ட நிமிடமே சொல்லியிருப்பார்.

அதற்கப்புறம் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்குமாக முப்பது நாற்பது வண்டிகள் பார்த்திருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. மெக்கானிக்காக இல்லாதவர்களும் செய்யக்கூடிய வேலைகளைத்தான் கீழே எழுதுகிறேன்.

1. எந்த இன்ஜின் என்று உறுதி செய்யுங்கள்

வண்டியைப் பார்க்கப் போகும் முன் ஆர்.சி.யின் போட்டோவைப் போனில் கேட்டு வாங்குங்கள். அதில் சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் இருக்கும். உதாரணமாக மாருதியின் 1.3 டீசல் என்றால் இன்ஜின் நம்பர் "டி13ஏ" என்று தொடங்கும். ஆர்.சி. போட்டோ அனுப்ப யோசிக்கிறவரிடம் வண்டி பார்க்கப் போவதில் அர்த்தமில்லை என்பது என் கருத்து.

காரின் பெயர் மட்டும் போதாது. ஹூண்டாய் ஐ10 என்றால் 1.1 லிட்டரும் உண்டு, 1.2 லிட்டர் கப்பாவும் உண்டு. முதலாவதில் டைமிங் பெல்ட், இரண்டாவதில் செயின். வெளியே பார்த்தால் ஒரே கார். ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டில் 1.0 எக்கோபூஸ்ட் பெட்ரோல், 1.5 பெட்ரோல், 1.5 டீசல் என்று மூன்று விதம் ஓடுகிறது, மூன்றுக்கும் மூன்று விதமான கவனிப்பு. ரெனோ டஸ்டர், நிசான் டெரானோ, நிசான் சன்னி ஆகியவற்றின் டீசலில் இருப்பது ரெனோவின் 1.5 கே9கே இன்ஜின் ஒன்றேதான். மூன்று கார்களும் ஒரகடம் தொழிற்சாலையிலிருந்து வந்தவை.

வண்டியை நேரில் பார்க்கும்போது இன்ஜின் பிளாக்கில் பொறித்திருக்கும் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் இன்ஜினை மாற்றியிருக்கிறார்கள். முறையாக ஆர்.டி.ஓ.வில் பதிவு செய்து மாற்றியிருந்தால் பேசலாம். செகண்ட் ஹேண்ட் இன்ஜினை எங்கிருந்தோ வாங்கி உட்காரவைத்துவிட்டு ஆர்.சி.யைத் தொடாமல் விட்டிருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

2. அந்த இன்ஜினுக்கு என்ன வரும் என்று விசாரியுங்கள்

இங்கே இரண்டு வழி. ஒன்று, அந்த இன்ஜினில் தினமும் கை வைக்கிற ஒர்க்ஷாப்பில் போய்க் கேட்பது. "இந்த வண்டி எப்படி?" என்று கேட்டால் "நல்ல வண்டிங்க" என்ற பதிலோடு முடிந்துவிடும். "ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டினதும் இந்த வண்டி எதுக்காக உங்ககிட்ட வருது?" என்று கேளுங்கள். கொட்டுவார்கள். அதே மாடலை வாடகைக்கு ஓட்டும் டிரைவர் அண்ணன்களும் நல்ல ஆசிரியர்கள். நாம் பத்து வருடத்தில் ஓட்டும் தூரத்தை அவர்கள் இரண்டு வருடத்தில் ஓட்டிவிடுகிறார்கள். ஒருவர் மட்டும் சொன்னதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ஒருவரையொருவர் தெரியாத மூன்று பேர் ஒரே பாகத்தைச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி ரீகால். கம்பெனியே தவறை ஒப்புக்கொண்டு வண்டிகளைத் திருப்பி அழைப்பது. 2011 ஏப்ரலில் மாருதி 13,157 டீசல் கார்களைத் திருப்பி அழைத்தது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் மூன்றிலும் சேர்த்து. காரணம் பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட். 2020 ஜூலையில் 1 லிட்டர் வேகன் ஆர், பெட்ரோல் பலேனோ சேர்த்து 1,34,885 கார்கள், எரிபொருள் பம்புக்காக. 2021 செப்டம்பரில் சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6 பெட்ரோல் கார்களில் 1,81,754 வண்டிகள், மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டுக்காக. ரீகால் வந்த வண்டி என்பதற்காகப் பயப்பட வேண்டாம். அந்த வேலை முடிந்ததா என்பதுதான் கேள்வி. பல கம்பெனிகளின் இணையதளத்தில் சேஸிஸ் நம்பரைப் போட்டாலே தெரிந்துவிடும். இல்லையென்றால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஆர்.சி.யோடு போய்க் கேட்கலாம். போகிற போக்கில் ஓனரையும் கூட்டிக்கொண்டு போய் சர்வீஸ் வரலாற்றையும் எடுத்துவிடுங்கள். மீட்டரைக் குறைத்த வண்டிகள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டும். மூன்று வருடம் முன்பு 92,000 கி.மீ.க்கு சர்வீஸ் ஆன வண்டி இன்று 68,000 காட்டக் கூடாது அல்லவா?

3. பெல்ட்டா, செயினா?

இதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் பெரிய செலவுகளில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

இன்ஜினின் கீழே பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு, மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம். இரண்டும் ஒரே தாளத்தில் சுற்ற வேண்டும். அந்தத் தாளத்தைக் காப்பது ஒரு ரப்பர் பெல்ட் அல்லது இரும்புச் செயின். பெல்ட்டுக்கு ஆயுள் உண்டு. இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்லி ஓனர் மேனுவலில் இருக்கும். இந்த "இத்தனை வருடம்" என்பதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பத்து வருடத்தில் 45,000 கி.மீ. மட்டுமே ஓடிய டஸ்டர் டீசலைப் பொக்கிஷம் என்று நினைப்போம். ஆனால் அதில் இன்னும் கம்பெனியில் போட்ட பெல்ட்டே இருந்தால், அது அறுகிற நாள் பக்கத்தில் இருக்கிறது. கே9கே இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும். பெல்ட் மாற்றியதாகச் சொன்னால் பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், பல இன்ஜின்களில் வாட்டர் பம்பும் சேர்த்து மாற்றுவார்கள். அந்தச் செலவை வண்டியின் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். பழைய இன்னோவா 2.5 டீசலும் பெல்ட் வண்டிதான். அதிகம் ஓடும் வண்டி என்பதால் கடைசியாக எப்போது பெல்ட் மாற்றினார்கள் என்பதை முதல் கேள்வியாகவே கேட்டுவிடலாம்.

செயின் என்றால் "ஆயுசுக்கும் தாங்கும்" என்பார்கள். ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் தாங்கும். 1.3 மல்டிஜெட்டில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது. இந்த இன்ஜின் பிடிப்பதே சுமார் மூன்று லிட்டர் ஆயில்தான். அதில் ஒரு லிட்டர் குறைந்தாலும், மாற்ற வேண்டிய நேரம் தாண்டி ஐயாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும், செயின் தளரத் தொடங்கும். தளர்ந்த செயினின் முதல் அடையாளம், காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது வரும் அந்தச் சில விநாடிச் சத்தம். சூடான பிறகு மறைந்துவிடும். இந்த ஒரே காரணத்துக்காகச் சொல்கிறேன்: இந்த இன்ஜின் உள்ள எந்தக் காரையும் சூடாக இருக்கும்போது மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நல்ல இன்ஜின்தான். ஒழுங்காக ஆயில் மாற்றி இரண்டு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியவற்றைப் பார்த்திருக்கிறேன். கெடுத்ததெல்லாம் ஆயிலில் மிச்சம் பிடித்த ஓனர்கள்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு, ஆயிலுக்குள்ளேயே ஓடும் பெல்ட். எக்கோஸ்போர்ட்டின் 1.0 எக்கோபூஸ்ட் அப்படிப்பட்டது. கம்பெனி சொன்ன தரத்தில் ஆயில் ஊற்றாமல் கிடைத்ததை ஊற்றினால் பெல்ட் பிசிறு பிசிறாக உதிர்ந்து, ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். ஆயில் மேலே ஏறாது. அமெரிக்காவில் 2023 டிசம்பரில் இந்த 1 லிட்டர் இன்ஜின் உள்ள எக்கோஸ்போர்ட், ஃபோகஸ் கார்கள் 1 லட்சத்து 39 ஆயிரத்துக்கு மேல் ரீகால் ஆயின. அங்கே காரணம் ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட்டின் டென்ஷனர். அங்கே விற்ற எக்கோஸ்போர்ட்டுகள் நம் மறைமலை நகரில் செய்து கப்பலேற்றியவை. ஆகவே இங்கே ஒரு எக்கோபூஸ்ட் பார்த்தால், என்ன ஆயில் ஊற்றினார்கள் என்ற பில் இல்லாமல் தொடாதீர்கள்.

4. காலையில் போங்கள்

"நாளைக் காலையில் ஏழு மணிக்கு வருகிறோம், அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை பானெட்டின் மேலும் ரேடியேட்டர் ஹோஸின் மேலும் கை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் யாரோ ஏற்கெனவே ஓட்டிவிட்டார்கள். கோபப்பட வேண்டாம், இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடுங்கள். அன்று மாமாவோடு போனபோது நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

ஸ்டார்ட் செய்யும் முன், குளிர்ந்த நிலையில் மூன்று இடம் பாருங்கள். டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி): ஆயில் இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும். டீசலில் ஆயில் கறுப்பாக இருப்பது குற்றமில்லை, மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். பிஎஸ்-6 டீசல் என்றால் மேல் கோட்டையும் தாண்டி ஆயில் இருக்கிறதா என்று கவனியுங்கள். புகை வடிகட்டியில் சேரும் கரியை எரிக்கச் செலுத்தும் டீசலில் கொஞ்சம் ஆயிலில் கலந்து மட்டம் உயரும். டவுனுக்குள்ளேயே ஓடிய வண்டிகளில் இது அதிகம். அடுத்து ஆயில் மூடி: உள்பக்கம் மோர் போல வெளுத்த பசை இருந்தால் ஆயிலோடு தண்ணீர் சேர்ந்திருக்கலாம். மூன்றாவது கூலன்ட் டேங்க்: பச்சையோ சிவப்போ, தெளிவாக இருக்க வேண்டும். துருத் தண்ணீரோ, மேலே எண்ணெய்ப் படலமோ இருந்தால் இன்ஜினின் மேல்பாகத்துக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் வரும். சூடான இன்ஜினில் இந்த மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இப்போது ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்யட்டும். நீங்கள் வெளியே, பானெட் பக்கம் நில்லுங்கள். போனில் வீடியோ எடுங்கள், பிறகு மெக்கானிக்குக் காட்ட உதவும். ஆயில் விளக்கு உடனே அணைய வேண்டும். கலகல சத்தம் வருகிறதா, எத்தனை விநாடி நீடிக்கிறது என்று கவனியுங்கள். நண்பர் ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. கறுப்பு என்றால் எரிபொருள் முழுதாக எரியவில்லை, இன்ஜெக்டர், ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு), டர்போ ஏதாவது ஒன்றில் கோளாறு. குளிர்காலக் காலையில் லேசான வெள்ளை ஆவி வந்து ஐந்து நிமிடத்தில் நின்றால் கவலை வேண்டாம். சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை தொடர்ந்தால் கூலன்ட் எரியலாம்.

ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போது டிப்ஸ்டிக்கைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பாருங்கள். புகை குபுகுபுவென்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் கீழே இறங்குகிறது. இதற்கு மருந்து இன்ஜினைப் பிரிப்பதுதான்.

5. ஓட்டிப் பாருங்கள், தெருவைச் சுற்றி அல்ல

தெருவை ஒரு சுற்று சுற்றினால் எதுவும் தெரியாது. குறைந்தது 15 கி.மீ. கொஞ்சம் நெரிசல், கொஞ்சம் பைபாஸ், முடிந்தால் ஒரு ஏற்றம். கோவைக்காரர்களுக்கு மருதமலைப் பாதை இருக்கிறது, சென்னையில் கத்திப்பாரா போதும். ஏசியைப் போட்டு, நாலு பேரை ஏற்றி, மூன்றாவது கியரில் ஏற்றத்தில் மிதியுங்கள். டர்போ டீசலில் 2,000 ஆர்பிஎம் சுற்றிலிருந்து இழுவை நன்றாகத் தெரிய வேண்டும். மந்தமாக இழுத்து, பின்னால் கறுப்புப் புகை கக்கினால் டர்போ ஹோஸ் கிழிந்திருக்கலாம், டர்போவே போயிருக்கலாம். முதலாவது சின்னச் செலவு, இரண்டாவது பெரியது. மெக்கானிக் பார்த்துச் சொல்லட்டும். நெரிசலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறக் கூடாது. ஓட்டி முடித்ததும் அணைத்துவிட்டு உடனே திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். சில டீசல் வண்டிகள் குளிரில் நன்றாக ஸ்டார்ட் ஆகி, சூட்டில் முரண்டு பிடிக்கும். இன்ஜெக்டர் கசிவில் அப்படி வரும்.

6. ஸ்கேனர்

காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் இல்லாமல் இப்போது நான் எந்த வண்டியும் பார்ப்பதில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் மாட்டி, போனோடு புளூடூத்தில் இணைக்கும் சின்னக் கருவியே போதும். கோளாறு இருந்தால் அது ஒரு குறியீட்டைக் காட்டும். பி0016 வந்தால் கிராங்கும் கேமும் தாளம் தப்பியிருக்கின்றன, அதாவது செயின் சந்தேகம். பி0401 ஈஜிஆர், பி0087 இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் குழாயில் பிரஷர் குறைவு, பி0300 மிஸ்ஸிங், அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் தவறுவது.

ஒரு குறியீடும் வரவில்லை என்றால் உடனே மகிழ வேண்டாம். நீங்கள் வரும் முன் அழித்திருக்கலாம். அதையும் கண்டுபிடிக்கலாம். பல வண்டிகளில் "ரெடினஸ்" என்ற பக்கத்தில், கார் தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும். குறியீட்டை அழித்ததும் அவை "முடியவில்லை" என்று மாறிவிடும். குறியீட்டை அழித்த பிறகு ஓடிய தூரத்தையும் சில வண்டிகள் காட்டும். அதில் 6 கி.மீ. என்று வந்தால் நேற்றுச் சாயங்காலம் என்ன நடந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்று நமக்குத் தெரியும். தண்ணீர் ஏறிய இன்ஜினை அப்படியே ஸ்டார்ட் செய்தால், சிலிண்டருக்குள் அமுங்க மறுக்கும் தண்ணீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். கொஞ்சமாக வளைந்த ராடோடு வண்டி சில ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடும். ஒரு நாள் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். இப்படிப்பட்ட வண்டிகள் வேறு ஊர்களில் மலிவாக விற்பனைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னி குழி, மிதியடிக்குக் கீழ்க் கார்ப்பெட், ஹெட்லைட்டின் உட்புறம் எல்லாம் பாருங்கள். சீட்டைக் கழுவலாம், சீட் முன்னும் பின்னும் நகரும் இரும்புத் தடத்தில் ஏறிய துருவை மறைப்பது கஷ்டம். இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேளுங்கள்.

டாக்ஸியாக (டி-போர்டு) ஓடிவிட்டுச் சொந்த வண்டியாக (ஓன் போர்டு) மாறியதா என்பதும் ஆர்.சி.யின் பழைய பதிவைப் பார்த்தால் தெரியும். ஓடியது அதிகம் என்பது தவிர அதில் தவறில்லை, விலை அதற்கேற்ப இருக்க வேண்டும்.

மெக்கானிக்கும் முன்பணமும்

இவ்வளவும் பார்த்த பிறகு வண்டி பிடித்திருந்தால் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். அவருக்கு அரை நாள் கூலியை நீங்களே கொடுங்கள். விற்கிறவரோ புரோக்கரோ கொடுக்கும் கமிஷனில் அவர் வரக் கூடாது. அவரிடம் உங்கள் வீடியோவையும் ஸ்கேனர் படங்களையும் காட்டி, சந்தேகப்பட்ட இடங்களைச் சொல்லுங்கள். பொதுவாக "பார்த்துச் சொல்லுங்கண்ணா" என்று விட்டால் அவரும் பொதுவாகத்தான் பார்ப்பார்.

பெல்ட், டென்ஷனர், டர்போ ஹோஸ், இன்ஜெக்டர் சர்வீஸ் எல்லாம் விலையைக் குறைத்து வாங்கக்கூடிய குறைகள். ஆயிலில் தண்ணீர், டிப்ஸ்டிக்கில் அடிக்கும் புகை, ஆர்.டி.ஓ.வில் பதியாமல் மாற்றிய இன்ஜின், வெள்ளச் சேறு இருந்தால் எவ்வளவு குறைத்தாலும் வாங்க வேண்டாம். மெக்கானிக் சரி என்று சொல்லும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், "இன்ஜின் சோதனையில் குறை தெரிந்தால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்" என்று எழுதி, வண்டி நம்பரும் இன்ஜின் நம்பரும் போட்டு, விற்கிறவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் என்றால் டீசல் ஃபில்டரும் மாற்றிவிடுங்கள். கழற்றிய ஆயில் ஃபில்டரை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். மடிப்புகளில் பளபளக்கும் உலோகத் துகள் இல்லையென்றால், அன்றைய கிலோமீட்டரை ஒரு நோட்டில் எழுதி டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துவிட்டு ஓட்டத் தொடங்கலாம்.